பிரிட்டனில் வேலையிடத்துப் பென்ஷன்: எவ்வளவு கட்டணம், காசுக்கு என்ன பலன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தமிழர்களிடம் பென்ஷன் பேச்சை எடுத்தால், "எப்போது எடுக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "இதை வைத்துப் பராமரிக்க என்னிடமிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள்?" என்று கேட்பவர் குறைவு. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதியது. சொல்லியிருப்பவை பொதுவான விவரங்கள். உங்கள் கணக்கைப் பற்றி முடிவெடுக்கும் முன் மணிஹெல்ப்பர் என்ற அரசு சேவையை இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சம்பளச் சீட்டில் மாதாமாதம் "பென்ஷன்" என்று ஒரு தொகை கழிகிறதே, அது எங்கே போகிறது?

2008-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டப்படி, 2012 அக்டோபர் முதல் ஒவ்வொரு முதலாளியும் தன் ஊழியர்களைத் தானாகவே ஒரு பென்ஷன் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2018-க்குள் சின்னக் கடைகள் வரை இது வந்துவிட்டது. வயது 22 நிரம்பி, அரசு ஓய்வூதிய வயதுக்குக் கீழ், ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் என்றால் உங்களைச் சேர்த்தே ஆக வேண்டும். விசாவில் வந்தவர் என்பதற்காக விலக்கு கிடையாது.

கழியும் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குப் போய், அங்கிருந்து பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகிறது. கடைசியில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. போட்ட பணமும் அதன் வளர்ச்சியும் போக, கட்டணம் கழிந்த மிச்சம்தான் உங்களுடையது.

கட்டணம் எடுக்கிறார்கள் என்றால் விலகிவிடுவது நல்லதா?

பெரும்பாலோருக்கு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 26,240 பவுண்டு என்று வையுங்கள். இப்போதைய விதிப்படி 6,240-க்கும் 50,270-க்கும் இடைப்பட்ட சம்பளத்துக்குத்தான் பென்ஷன் கணக்கு. அப்படியானால் 20,000 பவுண்டுக்குக் குறைந்தபட்சப் பங்களிப்பான 8 சதவீதம், ஆண்டுக்கு 1,600 பவுண்டு. இதில் உங்கள் கையிலிருந்து போவது 800. வரிச் சலுகையாக 200 சேர்கிறது. முதலாளி 600 போடுகிறார். சேர்ந்த அன்றே பணம் இரட்டிப்பு! முக்கால் சதவீதக் கட்டணம் இதைத் தின்று முடிக்காது.

"விலகினால் சம்பளம் கூட்டித் தருகிறேன்" என்று முதலாளி சொன்னால் அது சட்ட விரோதம். விலகச் சொல்லித் தூண்டுவதற்கே தடை உண்டு.

சரி, விலகக் கூடாது. அதற்காக என்ன எடுக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை.

என்னென்ன பெயரில் பணம் எடுக்கிறார்கள்?

முதலாவது, ஆண்டுக் கட்டணம். கணக்கில் உள்ள மொத்தத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம், வருடா வருடம். லாபத்தில் பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நஷ்டமான ஆண்டிலும் எடுப்பார்கள்.

இரண்டாவது, போடும்போதே எடுப்பது. அரசு கடன் கொடுத்துத் தொடங்கிவைத்த நெஸ்ட் திட்டத்தில், உள்ளே வரும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் 1.80 பவுண்டு அங்கேயே கழிகிறது. அதற்குமேல் ஆண்டுக்கு 0.3 சதவீதம். இளம் வயதில் சேர்ந்து முப்பது, நாற்பது ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்த முறை மலிவாகவே வரும். ஐம்பத்தெட்டு வயதில் சேர்ந்து சில ஆண்டில் எடுப்பவருக்கு அந்த 1.8 சதவீதம் கொஞ்சம் கனமாக இருக்கும்.

மூன்றாவது, மாதம் இவ்வளவு என்ற நிலையான கட்டணம். சிறிய கணக்குகளுக்கு இதுதான் பெரிய எதிரி. மாதம் 1.75 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 21 பவுண்டு. கணக்கில் 20,000 இருந்தால் அது ஒன்றுமில்லை. 500 பவுண்டு மட்டும் இருந்தால் 4.2 சதவீதம்! ஒரு வேலையில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனவரின் கணக்கு இப்படியே கரைந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரல் முதல், பொது நிதியில் (நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் போகும் நிதியில்) உள்ள கணக்கு 100 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நிலையான கட்டணம் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. வந்தது நல்லது. ஆனால் 100 பவுண்டு என்பது மிகத் தாழ்ந்த கோடு என்றுதான் எனக்குப் படுகிறது.

நான்காவது, வாங்கி விற்கும் செலவு. அதற்குத் தனியாகவே ஒரு பதில் கீழே வருகிறது.

அரை சதவீதம், முக்கால் சதவீதம். இதற்கா இவ்வளவு பேச்சு?

மாதம் 200 பவுண்டு வீதம் 40 ஆண்டு போடுகிறீர்கள். மொத்தம் போட்டது 96,000. கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லையென்றால் கடைசியில் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு இருக்கும்.

ஆண்டுக் கட்டணம் 0.3 சதவீதமானால் சுமார் 2 லட்சத்து 69 ஆயிரம். 0.75 ஆனால் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம். 1.5 ஆனால் சுமார் 2 லட்சத்து 3 ஆயிரம்.

0.3-க்கும் 1.5-க்கும் நடுவே இருப்பது 66,000 பவுண்டுக்கு மேல். நாற்பது வருடம் நீங்கள் கையிலிருந்து போட்ட மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது. காரணம் எளிது. இந்த ஆண்டு எடுத்த கட்டணம் இந்த ஆண்டோடு போவதில்லை. அந்தப் பணம் அடுத்த முப்பத்தொன்பது ஆண்டில் போட்டிருக்கும் குட்டியும் சேர்ந்து போகிறது. சதவீதத்தில் எழுதினால் இந்த இழப்பு கண்ணில் படாது. பவுண்டில் எழுதினால்தான் தெரியும். கட்டணத்தைப் பவுண்டில் காட்டு என்று நுகர்வோர் பக்கம் நிற்பவர்கள் ஓயாமல் கேட்பதன் காரணம் இதுதான்.

கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லையா?

இருக்கிறது. 2015 ஏப்ரல் முதல், தானாகச் சேர்க்கும் திட்டங்களின் பொது நிதிக்கு, அதாவது நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் போய்ச் சேரும் நிதிக்கு, ஆண்டுக் கட்டணம் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போடும்போதே எடுக்கும் திட்டங்களுக்கும் மாதக் கட்டணத் திட்டங்களுக்கும் இதற்கு இணையான வரம்புகள் உண்டு. நடப்பில் பல திட்டங்கள் வரம்புக்கு நன்றாகக் கீழேயே இருக்கின்றன. 2020-இல் பிரிட்டன் அரசின் பென்ஷன் துறை எடுத்த கணக்கெடுப்பில் சராசரி 0.48 சதவீதம்.

இந்த வேலிக்கு மூன்று ஓட்டைகள் உண்டு. ஒன்று, பொது நிதியை விட்டு நீங்களாக வேறு நிதிக்கு மாறினால் உச்சவரம்பு உங்களைக் காக்காது. வட்டி கூடாது என்பதால் ஷரியா நிதியைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் முஸ்லிம்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெஸ்ட்டில் எந்த நிதிக்கும் ஒரே கட்டணம்தான், ஆனால் எல்லாத் திட்டமும் அப்படியல்ல. இரண்டு, வாங்கி விற்கும் செலவு வரம்புக்குள் வராது. மூன்று, 2023 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட லாபப் பங்குக் கட்டணங்களையும் வரம்புக்கு வெளியே எடுத்துவிட்டார்கள்.

போட்டி இருந்தால் விலை தானே குறையும்? சட்டம் எதற்கு?

இந்தக் கேள்வியைப் பிரிட்டனின் நியாய வணிக அலுவலகமே 2013-இல் எடுத்து ஆராய்ந்தது. அப்போது அது போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு. இந்தச் சந்தையில் போட்டியை மட்டும் நம்பினால் ஊழியருக்குக் காசுக்கேற்ற பலன் கிடைக்காது என்பதுதான் அதன் முடிவு.

ஏன் என்று யோசித்தால் புரியும். ஒருவர் கடையைத் தேர்ந்தெடுக்க, இன்னொருவர் பில் கட்டுவது போன்ற ஏற்பாடு இது. திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி. கட்டணம் கட்டுபவர் ஊழியர். முதலாளிக்குத் தன் பக்கத்து வேலை சுலபமாக இருந்தால் போதும். சம்பள மென்பொருளோடு ஒட்டி ஓடுகிறதா, தனக்குச் செலவில்லையா என்று பார்ப்பார். கட்டணம் 0.4 ஆனாலும் 0.7 ஆனாலும் அவர் பையிலிருந்து ஒரு பென்னி போகாது. ஊழியருக்கோ, பிடிக்கவில்லை என்றால் வேறு திட்டத்துக்கு மாறும் வழி இல்லை. மாறினால் முதலாளியின் பங்கு நின்றுவிடும்.

அந்த ஆய்வுக்குப் பிறகு பழைய திட்டங்களைத் தோண்டிப் பார்க்க ஒரு சுயேச்சைக் குழு அமைந்தது. 1 சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகக்கூடிய நிலையில் சுமார் 25.8 பில்லியன் பவுண்டு கிடப்பதாக 2014 டிசம்பரில் அது சொன்னது. வேலையை விட்டுப் போனவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கும் வழக்கமும் அப்போது இருந்தது. வேலையில் இருப்பவருக்குச் "சலுகை" என்று அதற்குப் பெயர். ஆலோசகருக்குக் கமிஷன் என்று ஊழியரின் கணக்கிலிருந்து எடுத்ததும் உண்டு. தானாகச் சேர்க்கும் திட்டங்களில் இவை இரண்டையும் 2016 ஏப்ரலில் தடை செய்தார்கள். இந்தக் காசெல்லாம் எவர் கவனத்துக்கும் வராமல் வருடக் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. கேள்வி கேட்க ஓர் அமைப்பு உட்கார்ந்த பிறகுதான் வெளியே வந்தது.

வாங்கி விற்கும் செலவு என்றால் என்ன? அதை ஏன் மறைந்த செலவு என்கிறார்கள்?

உங்கள் பணத்தை நிர்வகிக்கும் நிதி மேலாளர் பங்குகளை வாங்குகிறார், விற்கிறார். ஒவ்வொரு தடவையும் தரகு உண்டு. பிரிட்டிஷ் பங்கு வாங்கினால் அரசுக்கு 0.5 சதவீத முத்திரை வரி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒரு செலவுதான். இவை எதற்கும் பில் வராது. நிதியின் மதிப்பிலிருந்தே சத்தமில்லாமல் கழிந்துவிடும். ஓயாமல் வாங்கி விற்கும் மேலாளர் என்றால் தொகை கூடும்.

2018 ஜனவரி முதல், நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ விதித்த முறைப்படி, நிதி மேலாளர்கள் இந்தச் செலவைக் கணக்கிட்டுப் பென்ஷன் திட்டத்துக்குச் சொல்ல வேண்டும். ஆர்டர் சந்தைக்குப் போன நேரத்தில் விலை என்ன, உண்மையில் வாங்கிய விலை என்ன என்று பார்த்து வித்தியாசத்தைச் செலவாக எழுதுவது அந்த முறை. இடையில் விலை சாதகமாக நகர்ந்தால் செலவு மைனஸில் வரும். ஒரு திட்டத்தின் அறிக்கையில் "வாங்கி விற்கும் செலவு மைனஸ் 0.02 சதவீதம்" என்று கண்டால் அவர்கள் உங்களுக்குக் காசு கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு சந்தை அப்படி நகர்ந்தது, அவ்வளவுதான். ஒரே ஆண்டின் எண்ணை நம்பாமல் நாலைந்து ஆண்டு எண்களை வரிசையாகப் பார்ப்பதே சரி.

பெரிய திட்டங்கள் மேலாளர்களிடம் ஒரே மாதிரிப் படிவத்தில் செலவைக் கேட்பதற்கு 2018 நவம்பரில் செலவு வெளிப்படைத்தன்மை முயற்சி என்ற அமைப்பு தொடங்கி, அடுத்த ஆண்டு படிவங்களை வெளியிட்டது. உள்ளாட்சி ஊழியர் பென்ஷன் நிதிகள் அதற்கு முன்பே, 2017-இல், இதற்கென ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்துவிட்டன. மேலாளர் சேர்வது தன்னிஷ்டம்தான் என்றாலும், சேராதவர் கண்ணில் படுவார். அந்த அழுத்தம் வேலை செய்தது.

என் கணக்கில் பிடித்த தொகையை எங்கே பார்ப்பது?

ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் தொடங்குங்கள். 2022 அக்டோபர் முதல் தானாகச் சேர்க்கும் திட்டங்கள் அதை இரண்டு பக்கத்துக்குள் தர வேண்டும். எளிதாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் எடுத்த கட்டணம் முழுவதையும் பவுண்டில் அங்கேயே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விவரம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சுட்டிக்காட்டினால் போதும். நாடாளுமன்றத்தின் வேலை மற்றும் பென்ஷன் குழு 2019-இல் பென்ஷன் செலவுகளை விசாரித்தபோதே பேசப்பட்ட குறை இது. இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது வருத்தம்.

அடுத்து, திட்டத்தின் இணையதளம். டிரஸ்டிகள் நடத்தும் திட்டமானால் "தலைவர் அறிக்கை" என்று ஒன்று இருக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் நடத்துவதானால் சுயேச்சை மேற்பார்வைக் குழுவின் ஆண்டறிக்கை இருக்கும். இரண்டும் 2015-இல் கட்டாயமாயின. யாரும் இலவசமாகப் படிக்கலாம். நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நேராகச் செலவுப் பகுதிக்குப் போய் "கட்டணத்துக்கு முன்", "கட்டணத்துக்குப் பின்" என்று இரண்டு பத்திகள் உள்ள அட்டவணையைத் தேடுங்கள். அதில் உங்கள் வயதுக்கும் சேமிப்புக்கும் கிட்ட உள்ள வரியில் கடைசி ஆண்டின் இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். வருகிற தொகைதான் ஆயுள் முழுவதும் நீங்கள் கட்டப்போகும் விலை.

இதுவும் பிடிபடவில்லை என்றால் நிறுவனத்துக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: "கடந்த ஆண்டு என் கணக்கிலிருந்து எல்லாக் கட்டணமும் செலவும் சேர்த்து எத்தனை பவுண்டு போனது?"

கட்டணம் குறைந்த திட்டம்தானே நல்ல திட்டம்?

எப்போதும் அல்ல. ஒன்றுக்கு 0.3 சதவீதம் கட்டணம், கட்டணத்துக்கு முன் 6 சதவீத வளர்ச்சி. இன்னொன்றுக்கு 0.6 கட்டணம், 6.5 வளர்ச்சி. கையில் நிற்பது முதலாவதில் 5.7, இரண்டாவதில் 5.9. விலை கூடியது இங்கே வென்றுவிட்டது.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நெருங்கியதும் பணத்தைத் தானாகவே நீண்ட காலக் கடன் பத்திரங்களுக்கு மாற்றிவிடும் நிதிகள் பல திட்டங்களில் இருந்தன. ஆயுள் முழுக்க மாதத் தொகை வாங்கும் வழியில் போகிறவருக்கு ஏற்ற ஏற்பாடு அது. ஆனால் 2015-க்குப் பிறகு பெரும்பாலோர் அந்த வழியில் போவதில்லை. 2022-இல் வட்டி ஏறியபோது பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களின் மதிப்பு சுமார் 40 சதவீதம் விழுந்தது. அந்த நிதிகளில் பல மிக மலிவானவை. கட்டணம் குறைவு என்பது அந்த மனிதர்களைக் காப்பாற்றவில்லை. தங்கள் பணம் "பாதுகாப்பான" இடத்துக்குப் போய்விட்டது என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் சேவை. அழைத்தால் எடுக்கிறார்களா, முதலாளி பணம் கட்டாமல் விட்டால் கண்டுபிடிக்கிறார்களா, இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் சீக்கிரம் போகிறதா என்பதெல்லாம் மதிப்பில் சேர்த்திதான்.

ஆனாலும் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி என்பது வரலாம் என்ற ஒன்று. கட்டணம் என்பது நிச்சயம் போகப்போகும் ஒன்று. அதனால் "கட்டணம் கூடுதல்தான், ஆனால் பலன் பெரிது" என்று சொல்பவர் அதை எண்களால் காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு அவருடையது.

"காசுக்கேற்ற மதிப்பு" என்று அரசு புதிதாக ஏதோ கொண்டுவருகிறதாமே?

ஆம். பென்ஷன் துறை, எஃப்சிஏ, வேலையிடத்துப் பென்ஷன்களைக் கண்காணிக்கும் பென்ஷன் ரெகுலேட்டர் மூவரும் சேர்ந்து 2023 ஜனவரியில் முன்வைத்த யோசனை அது. முதலீட்டுப் பலன், கட்டணம், சேவைத் தரம் என்ற மூன்றையும் எல்லாத் திட்டமும் ஒரே அளவுகோலில் வெளியிட வேண்டும். 2024 ஆகஸ்டில் எஃப்சிஏ வெளியிட்ட வரைவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மதிப்பீடு தரும் யோசனை இருந்தது. மோசம் என்று தெரிந்த திட்டம் திருந்த வேண்டும், அல்லது உறுப்பினர்களை நல்ல திட்டத்துக்கு மாற்ற வேண்டும். இதற்குச் சட்ட பலம் தரும் மசோதா 2025 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பெரிய திட்டங்கள் 2030-க்குள் 25 பில்லியன் பவுண்டு அளவுக்கு வளர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

முன்னோட்டமாக ஒன்று ஏற்கெனவே நடக்கிறது. 100 மில்லியன் பவுண்டுக்குக் குறைந்த சிறு டிரஸ்ட் திட்டங்கள் தங்களை மூன்று பெரிய திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் விதி வந்தது. தோற்றால் மூடிவிட்டுப் பெரிய திட்டத்தோடு சேர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

தனியார் நிறுவனங்களிலும் கட்டுமானத் திட்டங்களிலும் பென்ஷன் பணத்தைப் போடப்போகிறார்கள் என்கிறார்களே, கட்டணம் ஏறுமா?

ஏறக்கூடும். 2025 மே மாதம் 17 பென்ஷன் நிறுவனங்கள், 2030-க்குள் பொது நிதியில் குறைந்தது 10 சதவீதத்தை இப்படிப்பட்ட முதலீடுகளில், அதிலும் பாதியைப் பிரிட்டனுக்குள், போடுவதாக ஒப்புக்கொண்டன. இந்த முதலீடுகளை நிர்வகிப்பது செலவு பிடித்த வேலை, பங்குச் சந்தைக் குறியீட்டு நிதி போல மலிவாக முடியாது. நல்ல பலன் தரவும் வாய்ப்புண்டு. நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாட்டின் வளர்ச்சிக்கு உதவுவது ஒரு விஷயம், இரவு வேலை பார்த்துச் சேர்த்தவரின் ஓய்வுக் காலப் பணம் இன்னொரு விஷயம். இரண்டும் மோதினால் இரண்டாவதுக்குத்தான் முதலிடம் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

என் சம்பளம் வரி வரம்புக்குக் கீழே. எனக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

திட்டம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்தது. சில திட்டங்கள் உங்கள் பணத்தை வாங்கிய பிறகு அரசிடம் 20 சதவீதம் கேட்டு வாங்கிச் சேர்க்கும். நெஸ்ட் இப்படித்தான். வரி கட்டாதவருக்கும் அது கிடைக்கும். வேறு சில திட்டங்களில் வரி போடும் முன்பே சம்பளத்திலிருந்து பென்ஷன் கழிகிறது. ஆண்டுக்கு 12,570-க்குக் கீழ் சம்பாதிப்பவருக்கு வரியே இல்லாததால் அங்கே சலுகையும் இல்லை. 12,000 சம்பளத்தில் இது ஆண்டுக்கு 57.60 பவுண்டு இழப்பு. எந்தக் கட்டண அட்டவணையிலும் வராத செலவு. பெரும்பாலும் பகுதிநேரம் பார்க்கும் பெண்களைத் தாக்கிய செலவு.

2024-25 வரி ஆண்டிலிருந்து இதற்கு ஈடாக வரித்துறை பணம் தருகிறது. ஆண்டு முடிந்த பிறகு கடிதம் வரும். வரித்துறையிடம் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் என்று சொல்லி வங்கி விவரம் கேட்கும் குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம்.

பகலில் ஒரு கடை, இரவில் பெட்ரோல் நிலையம். இரண்டிலும் 9,000 பவுண்டு. எனக்குப் பென்ஷன் இல்லை என்கிறார்களே?

10,000 என்பது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பார்க்கும் கணக்கு. மொத்தம் 18,000 சம்பாதித்தும் எங்கும் தானாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு வேலையில் 6,240-க்கு மேல் வாங்கினாலே, சேர்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் முதலாளி மறுக்க முடியாது, தன் பங்கையும் போட வேண்டும். இந்த உதாரணத்தில் இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 165.60 பவுண்டு. சிறிய தொகை போலத் தெரியும். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது. நம் ஆட்கள் நிறையப் பேர் கேட்பதே இல்லை. தெரிந்தவர் கடை, எப்படிக் கேட்பது என்ற கூச்சம் வேறு. ஆனால் இது சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

நான் என்எச்எஸ்-இல் நர்ஸ். இந்தக் கட்டணக் கவலை எனக்கும் உண்டா?

இல்லை. என்எச்எஸ் பென்ஷன் சம்பளத்தையும் சேவை ஆண்டுகளையும் வைத்துக் கணக்கிடுவது. உங்கள் பெயரில் முதலீட்டுக் கணக்கு கிடையாது, அதனால் கரைவதற்கும் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல் முதலாளி பங்கு 23.7 சதவீதம். மாதச் செலவுக்குப் போதவில்லை என்று இதிலிருந்து விலகும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். முடிந்தவரை அதைத் தவிருங்கள்.

ஐந்து வேலை மாறிவிட்டேன், ஐந்து கணக்கு எங்கெங்கோ கிடக்கிறது. ஒன்றாகச் சேர்க்கலாமா?

முதலில் கண்டுபிடியுங்கள். அரசின் பென்ஷன் தேடும் சேவை இலவசம். உரிமையாளரோடு தொடர்பு அறுந்துபோன கணக்குகள் சுமார் 33 லட்சம், அவற்றில் கிடக்கும் பணம் 31.1 பில்லியன் பவுண்டு என்று பென்ஷன்ஸ் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு தயாராகி வருகிறது. திட்டங்கள் அதில் இணைய 2026 அக்டோபர் 31 கடைசித் தேதி.

மாதக் கட்டணம் பிடிக்கும் சிறு கணக்குகளைச் சேர்ப்பது பெரும்பாலும் லாபம். ஆனால் 1980, 90-களின் பழைய பாலிசிகளைத் தொடும் முன் நிதானியுங்கள். இன்றைய சந்தையில் கிடைக்காத உத்தரவாத மாதத் தொகை அவற்றில் இருக்கலாம், மாற்றினால் அது போய்விடும். சம்பள அடிப்படையிலான பழைய பென்ஷனையோ உத்தரவாதம் உள்ள பென்ஷனையோ, 30,000 பவுண்டுக்கு மேல் மதிப்பென்றால், ஆலோசகரிடம் போகாமல் மாற்ற முடியாது. இப்போது முதலாளி பணம் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கை மூட வேண்டாம். மற்றவற்றை அதற்குள் கொண்டுவாருங்கள்.

ஊருக்கே திரும்பிவிட்டால் இந்தப் பணம் என்ன ஆகும்?

உங்கள் பெயரிலேயே இருக்கும், முதலீடும் தொடரும், கட்டணமும் தொடரும். இப்போது 55 வயதில் எடுக்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் 57. அதற்கு முன்பே எடுத்துத் தருகிறேன் என்று அழைப்பவர் மோசடிக்காரர். வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றினால் 25 சதவீதம் வரி போகும் சூழல்கள் உண்டு, ஆகவே அவசரப்பட்டு யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கிளம்பும் முன் செய்ய வேண்டியது, கொழும்பு, சென்னை, யாழ்ப்பாணம் என்று எந்த முகவரியோ அதையும் ஒரு நிலையான மின்னஞ்சலையும் திட்டத்துக்குக் கொடுப்பது. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் பெயரை வாரிசுப் படிவத்தில் எழுதிவைப்பது.

எங்கள் திட்டத்துக்குக் கட்டணம் அதிகம் என்று தெரிந்துவிட்டது. நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

திட்டத்தை மாற்றும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது, ஆகவே அவரிடம் போங்கள். தனியாகப் போவதைவிட நாலு பேர் சேர்ந்து, முடிந்தால் தொழிற்சங்கத்தோடு போவது நல்லது. சண்டை போட வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள், அதன் பிறகு வேறு திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, வேலையை விட்டுப் போனவர்களிடமும் இதே கட்டணம்தானா, பொது நிதி கடந்த ஐந்து ஆண்டில் கட்டணம் போக எவ்வளவு வளர்ந்தது என்று கேளுங்கள். பல முதலாளிகள் 2014, 2015 வாக்கில் கணக்காளர் சொன்ன திட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அதன் பிறகு திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. யாரும் கேட்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. கேட்டதால் குறைந்த கட்டணத்துக்குப் பேரம் பேசி வாங்கியவர்களும் உண்டு.

முதலாளி பணத்தைப் பிடித்துவிட்டுத் திட்டத்தில் கட்டாமல் இருந்தால் அது வேறு விஷயம். உடனே பென்ஷன் ரெகுலேட்டரிடம் சொல்லுங்கள். திட்டம் தவறான கட்டணம் பிடித்திருந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் பென்ஷன் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் பென்ஷன் ஆம்பட்ஸ்மன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் தவறு நடந்து அல்லது உங்களுக்குத் தெரியவந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பழைய ஆண்டறிக்கைகளையும் சம்பளச் சீட்டுகளையும் அதற்காகவாவது எடுத்துவையுங்கள்.